சென்னைப் பக்கம் வீடு கட்டப் போறீங்களா? பிளான் முடிவாகறதுக்கு முன்னாடி எனர்ஜி மாடலிங் பண்ணிப் பாருங்க

சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் தனி வீடு கட்டறவங்க கிட்ட பேசினா சதுர அடிக்கு எவ்வளவு, கம்பி என்ன பிராண்டு, வாஸ்து சரியா இருக்கான்னு மூணு கேள்வி கண்டிப்பா வரும். மே மாசம் ராத்திரி 10 மணிக்கு மாடி பெட்ரூம் எத்தனை டிகிரி இருக்கும்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. ஆனா அந்த ரூம்ல வருஷக்கணக்கா படுத்துத் தூங்கப் போறது நீங்கதான், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஈபி பில் கட்டப் போறதும் நீங்கதான். அந்தக் கேள்விக்கு கடக்கால் தோண்டறதுக்கு முன்னாடியே பதில் பாத்துக்கலாம், அதுக்குத்தான் எனர்ஜி மாடலிங்.

விஷயம் இதான். வீட்டோட உருவம், சுவர், மொட்டை மாடித் தளம், ஜன்னல், உள்ள இருக்கற ஆளுங்க, ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாத்தையும் ஒரு சாஃப்ட்வேர்ல குடுக்கறோம், அந்த ஊரோட ஒரு வருஷத்து வெயில், காத்து, ஈரப்பதத்தை மணிக்கு மணி அந்த வீட்டு மேல ஓட்டிப் பாக்கறோம். வருஷத்துக்கு 8760 மணி நேரம், ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு ரூம்லயும் எத்தனை டிகிரி, ஏசி எவ்வளவு இழுக்கும், அந்தச் சூடு எந்தச் சுவர் வழியா வந்துதுன்னு வரைக்கும் சொல்லிடும்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கங்க. "மே மாசம் 412 யூனிட் ஆகும்"னு மாடல் சொன்னா உங்க பில்லும் அதே 412 வரும்னு நெனைக்காதீங்க. நீங்க ஏசிய எத்தனை மணிக்கு போடுவீங்க, சொந்தக்காரங்க எத்தனை பேர் லீவுக்கு வந்து தங்குவாங்கன்னு அதுக்கு தெரியாது. ஆனா தளத்துக்கு மேல 1 இஞ்ச் தெர்மாகோல் ஷீட் போட்டா நல்லதா, மேற்கு ஜன்னலை சின்னதாக்கினா நல்லதா, ரெண்டுல எதுக்கு காசு போடலாம்னு கேட்டா அதுக்கு நம்பற மாதிரி பதில் சொல்லும். ஒப்பிட்டுப் பாக்கத்தான் மாடல், இத புரிஞ்சுக்கிட்டு ஆரம்பிச்சா பாதி குழப்பம் போயிடும்.

எப்ப பண்ணணும்

ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோ முதல் பிளான் வரைஞ்சு குடுத்த உடனே. அப்ரூவலுக்கு போனதுக்கு அப்பறம் பண்ணா ஜன்னல் இடம், ரூம் எந்தப் பக்கம், பால்கனி எவ்வளவு நீளம், எதையும் மாத்த முடியாது, மிஞ்சறது பெயின்ட் கலரும் ஏசி ஸ்டாரும்தான். காசு செலவில்லாம கிடைக்கற லாபம் எல்லாம் முதல் பிளான்லதான் இருக்கு. மேற்குப் பக்கம் மாடிப்படி, டாய்லெட், ஸ்டோர் ரூம் போட்டுட்டு பெட்ரூமை கிழக்கோ தெற்கோ தள்றதுக்கு ஒரு ரூபா கூட ஆகாது.

என்னென்ன கையில வேணும்

பிளான், எலிவேஷன், வடக்கு எந்தப் பக்கம்ங்கறது (ஃபோன் காம்பஸ் வச்சு மனைக்கு நேர்ல போய் பாருங்க, பிளான்ல போட்டிருக்கற வடக்கு அம்புக்குறி பல சமயம் சாய்ஞ்சு இருக்கும்), பக்கத்து வீடுகளோட உயரமும் தூரமும், இப்ப இருக்கற வீட்டோட ஒரு வருஷத்து ஈபி பில்.

அப்பறம் வெதர் ஃபைல். ஈபிடபிள்யூன்னு ஒரு ஃபார்மட்டு, ஒன்பில்டிங் கிளைமேட் சைட்ல இந்திய ஊர்களுக்கு இலவசமாவே கிடைக்குது. சென்னைக்கு பெரும்பாலும் மீனம்பாக்கம் ஏர்போர்ட் ஸ்டேஷன் டேட்டாதான் வரும். இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். இது பல வருஷத்துல இருந்து சராசரியான மாசங்களை பொறுக்கி ஒட்டின வருஷம், அதனால ரொம்ப மோசமான கோடை இதுல இருக்காது. இன்னொண்ணு, ஏர்போர்ட் திறந்த வெளி, உங்க மனை நாலு பக்கமும் கட்டடம் நெருக்கின தெருவா இருந்தா காத்து இவ்வளவு வராது, ராத்திரி வெக்கையும் கூடவே இருக்கும். கடலோரம் மத்தியானத்துக்கு மேல வர்ற கடல்காத்தும் பூந்தமல்லி தாண்டிப் போனா அதே மாதிரி இருக்காது. இதுக்காக பயப்பட வேண்டாம், ரிசல்ட்டை படிக்கும்போது நெனப்புல இருந்தா போதும்.

சாஃப்ட்வேர்ல எனர்ஜிபிளஸ்தான் அடிப்படை. அமெரிக்க எனர்ஜி டிபார்ட்மென்ட்டோடது, இலவசம், உலகம் முழுக்க இதை வச்சுத்தான் பண்றாங்க. ஆனா நேரா அதுல இறங்கினா வெறும் எழுத்தா இருக்கும், அதனால அதுக்கு முன்பக்கமா ஓபன்ஸ்டுடியோ போட்டுக்கங்க, அதுவும் இலவசம்தான். காசு குடுத்து வாங்கறதா இருந்தா டிசைன்பில்டர் பழகறதுக்கு சுலபம், உள்ள ஓடறது அதே எனர்ஜிபிளஸ்தான். கிராஸ்ஹாப்பர் (ரைனோங்கற 3டி வரையற சாஃப்ட்வேரோட வர்றது) தெரிஞ்ச ஆர்க்கிடெக்ட் பசங்களா இருந்தா, அதுக்குள்ளயே ஓடற லேடிபக் போங்க.

சாஃப்ட்வேருக்கு முன்னாடி ஒரு பேப்பர் கணக்கு

இதை தாண்டிப் போகாதீங்க, இதுல கத்துக்கறதுதான் பின்னாடி மாடல் தப்பா காட்டும்போது கண்டுபிடிக்க உதவும். ஒரு சுவரோ தளமோ சூட்டை எவ்வளவு உள்ள விடும்ங்கறதுக்கு யூ வேல்யூன்னு சொல்வாங்க, அதாவது உள்ளயும் வெளியயும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தா ஒரு சதுர மீட்டர் வழியா எத்தனை வாட் போகுதுங்கற கணக்கு. கம்மியா இருந்தா நல்லது.

நம்ம ஊர் தளத்தை எடுத்துக்கங்க. 6 இஞ்ச் ஆர்சிசி, கீழ பூச்சு, வேற எதுவும் இல்ல, யூ வேல்யூ 3 கிட்ட வரும். மேல 3 இஞ்ச் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடற அடுக்கு) போட்டு தட்டு ஓடு பதிச்சா சுமார் 2.4. அதே சுருக்கிக்கு அடியில 1 இஞ்ச் எக்ஸ்பிஎஸ் ஷீட் (பிங்க், நீல கலர்ல கெட்டியா வருமே, அது) போட்டா 0.8க்கு இறங்கிடும். இன்னொரு இஞ்ச் போட்டா 0.5. பாருங்க, முதல் இஞ்ச் 1.6 குறைச்சுது, ரெண்டாவது இஞ்ச் குறைச்சது 0.3தான். அதனால எவ்வளவு கனம்ங்கறதை கடைக்காரர் சொல்றத வச்சு முடிவு பண்ணாதீங்க, இந்த கணக்கை வச்சு பண்ணுங்க.

இப்ப ஒரு 10க்கு 12 பெட்ரூம், சுமார் 11 சதுர மீட்டர். மே மாச மத்தியானம் மொட்டை மாடித் தரை 60 டிகிரி, உள்ள 28 டிகிரின்னு வச்சுக்கங்க, வித்தியாசம் 32. சுருக்கி மட்டும் இருக்கற தளம் வழியா 11 பெருக்கல் 2.4 பெருக்கல் 32, கிட்டத்தட்ட 850 வாட் சூடு இறங்குது. ஒரு டன் ஏசிங்கறது சுமார் 3500 வாட் சூட்டை வெளியேத்தும், ஆக கால் டன் ஏசி தளத்துக்காகவே ஓடுது. 1 இஞ்ச் ஷீட் போட்டா இதே 850 வந்து 280க்கு வந்துடும்.

நிஜத்துல அந்தச் சூடு அந்த நிமிஷமே உள்ள வராது, காங்க்ரீட் அதை வாங்கி வச்சுக்கிட்டு நாலஞ்சு மணி நேரம் கழிச்சு விடும். மத்தியானம் 2 மணி வெயில் சாயங்காலம் 7 மணிக்கு சீலிங்ல இருந்து இறங்கறது அதனாலதான், பேப்பர் கணக்குல இந்தத் தாமதம் தெரியாது, அதுக்குத்தான் மணிக்கு மணி ஓட்டற மாடல் வேணும்.

சுவருக்கும் இதே மாதிரி பண்ணுங்க. 9 இஞ்ச் செங்கல் சுவர் ரெண்டு பக்கம் பூச்சோட சுமார் 2, 8 இஞ்ச் ஏஏசி பிளாக் (உள்ள காத்துக் குமிழி இருக்கற லேசான காங்க்ரீட் கல்) சுமார் 0.7.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் ஒரு தடவை பாத்துடுங்க. 2018 டிசம்பர்ல மத்திய அரசு ஈகோ நிவாஸ் சம்ஹிதான்னு வீடுகளுக்கான எனர்ஜி கோட் (விதிமுறை) கொண்டு வந்தாங்க. தளத்தோட யூ வேல்யூ 1.2 தாண்டக் கூடாது, அப்ப வெறும் சுருக்கி போட்ட தளம் இதுல தேறாது. தளம் நீங்கலா சுவரும் ஜன்னலும் சேர்த்து உள்ள விடற சூட்டுக்கு ஆர்ஈடிவின்னு ஒரு கணக்கு, அது சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள்ள இருக்கணும். சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்ல திறக்கற ஜன்னல் பரப்பு, வெளியில திறக்கற கதவையும் சேர்த்து, வீட்டுத் தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்காவது இருக்கணும். 500 சதுர மீட்டரும் அதுக்கு மேலயும் இருக்கற மனைக்குத்தான் அந்த 2018 கோட், உங்க அரை கிரவுண்டு மனைக்கு யாரும் வந்து கேக்க மாட்டாங்க, இருந்தாலும் குறைஞ்சபட்ச அளவா வச்சுக்க ரொம்ப நல்லது. இதுல "திறக்கற"ங்கறத அழுத்திப் படிங்க. 4க்கு 4 ஸ்லைடிங் ஜன்னல் வாங்கினா 16 சதுர அடி ஜன்னல், திறக்கறது 8தான். அதே அளவுல கதவு மாதிரி திறக்கற ஜன்னல் போட்டா 16ம் திறக்கும்.

மாடல் கட்டறது

ரூம் ரூமா எல்லாத்தையும் நுணுக்கமா வரையணும்னு அவசியம் இல்ல. ஏசி போடற ஒவ்வொரு பெட்ரூமும் தனி ஜோன் (மாடல் ஒரே வெப்பமா எடுத்துக்கற பகுதி), ஹாலும் டைனிங்கும் ஒரே ஜோன், கிச்சன் தனி, படிக்கட்டு, டாய்லெட் எல்லாம் சேர்த்து ஒண்ணு, இவ்வளவு போதும். கப்போர்டு, பூஜை ரூம் லாஃப்ட்டெல்லாம் வரைஞ்சு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனா பக்கத்து வீட்டை கண்டிப்பா வரைங்க, நிழல் தர்ற வெறும் டப்பாவா போட்டா போதும். நம்ம ஊர்ல 3 அடி, 5 அடி சந்து விட்டு பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு மாடி கட்டியிருப்பார், அந்தப் பக்கச் சுவர்ல வெயிலே படாது. அதை போடாம ஓட்டினா இல்லாத வெயிலுக்கு காசு செலவு பண்ணச் சொல்லும். ஆனா பக்கத்து மனை இப்ப காலியா இருந்தா நாளைக்கு அவர் கட்டுவார்ங்கற நம்பிக்கையில நிழலை போடாதீங்க.

அடுத்து, புதுசா பண்றவங்க பாக்காம விட்டுடற ரெண்டு நம்பர். எனர்ஜிபிளஸ்ல தரைக்கு அடியில இருக்கற மண்ணோட வெப்பம் நீங்க எதுவும் குடுக்கலைன்னா 18 டிகிரின்னு அதுவே எடுத்துக்கும். சென்னை மண்ணு எந்த மாசத்துலயும் 18 டிகிரி கிடையாது! அதை அப்படியே விட்டா கீழ்தளம் வருஷம் பூரா ஜில்லுன்னு இருக்கற மாதிரி காட்டும், நீங்களும் கீழ் வீட்டுக்கு எதுவும் தேவையில்லைன்னு முடிவு பண்ணிடுவீங்க. வீட்டுக்குள்ள சராசரியா இருக்கற வெப்பத்துக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி குறைச்சு மாசா மாசம் போட்டுடுங்க. ரெண்டாவது, வெளிப்பரப்பு எவ்வளவு வெயிலை உறிஞ்சும்ங்கற நம்பர், குடுக்கலைன்னா 0.7ன்னு எடுத்துக்கும். புது வெள்ளை கூலிங் டைல்ஸுக்கு 0.3 கிட்ட போடலாம், ஆனா ரெண்டு வருஷம் தூசியும் பாசியும் படிஞ்ச டைல்ஸுக்கு 0.45, 0.5 வச்சும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, நீங்க வாழப்போறது அந்த டைல்ஸோடதான்.

காத்து கசிவையும் சரியா குடுங்க. கதவு ஜன்னல் சாத்தின பெட்ரூமுக்கு மணிக்கு 0.5 தடவை ரூம் காத்து மாறும்னு ஆரம்பிக்கலாம். ஆனா அட்டாச்டு பாத்ரூம்ல எப்பவும் திறந்தே கிடக்கற கண்ணாடி லூவர் இருக்கே, கதவுக்கு அடியில இருக்கற சந்து வழியா அங்கேர்ந்து காத்து உள்ள வந்துகிட்டேதான் இருக்கும். சென்னைல அந்தக் காத்தோட தண்ணியும் வருது, மே, ஜூன்ல ராத்திரி கூட ஈரம் அவ்வளவு இருக்கும். ஏசி அந்த ஈரத்தை தண்ணியாக்கி பைப் வழியா வெளிய சொட்ட விடறதுக்கும் கரண்ட் செலவு பண்ணுது, ரிசல்ட்ல லேட்டன்ட் லோடுன்னு தனியா வரும், அதை தவறாம பாருங்க. 

ஜெர்மனில டார்ம்ஸ்டாட்ல 1991ல குடி வந்த முதல் பாசிவ் ஹவுஸ்ல (ஹீட்டரே பெருசா தேவைப்படாத மாதிரி கட்டின வீடு) இருந்து அங்க எல்லாரும் காத்து கசிவை இவ்வளவு கறாரா பாக்கறது குளிருக்காக, நமக்கு அதே வேலை ஈரத்துக்காக வேண்டியிருக்கு. ஆனா நம்ம வீட்டை வருஷம் முழுக்க சாத்தி வைக்க முடியாது, டிசம்பர், ஜனவரில திறந்து விட்டா போதும், ஏசியே வேணாம். அதனால நம்ம வீடு நல்லா திறக்கவும் வரணும், நல்லா சாத்தவும் வரணும்.

ஷெட்யூல்னு ஒண்ணு கேக்கும், யார் எப்ப எந்த ரூம்ல இருக்காங்க, ஏசி எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு. சாஃப்ட்வேரோட வர்ற ரெடிமேட் ஷெட்யூலை எடுக்காதீங்க, அது பெரும்பாலும் வெளிநாட்டு வீட்டுக்கானது, 24 மணி நேரமும் வீடு பூரா ஏசி ஓடும். நம்ம வீட்ல ராத்திரி 10ல இருந்து காலைல 6, பெட்ரூம் மட்டும், 26 டிகிரி, ஃபேனோட. ஃபேன் ஆளுக்குத்தான் ஜில்லுன்னு இருக்கும், ரூமை குளிர வைக்காது, அது இழுக்கற 75 வாட்டும் கடைசில ரூமுக்குள்ளயே சூடாத்தான் சேரும். அதே ஃபேனை பிஎல்டிசில (கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார்) வாங்கினா 30 வாட் கிட்டதான். மாடல்ல ஃபேனை வாட்டா குடுத்துட்டு, அது தர்ற சுகத்துக்கு ஏசி டிகிரியை 26, 27ன்னு ஏத்தி வைக்கறதுதான் முறை.

முதல் தடவை ஏசி இல்லாம ஓட்டுங்க

எல்லாரும் எடுத்த உடனே ஏசி போட்டு யூனிட் பாக்கறாங்க. முதல்ல ஏசியே இல்லாம, ஜன்னல் திறந்து மூடற ஷெட்யூலோட ஓட்டி, மே மாசம் ஒரு வாரத்தை எடுத்து ரூம் ரூமா கிராஃப் போடுங்க. வெறும் காத்தோட டிகிரிய பாக்காம ஆபரேட்டிவ் டெம்பரேச்சர்னு ஒரு வரி வரும், அதைப் பாருங்க, சுவரும் சீலிங்கும் உடம்பு மேல வீசற சூட்டையும் அது சேர்த்துக்கும். மாடி ரூமும் கீழ் ரூமும் ராத்திரி 10 மணிக்கு எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு பாத்தாலே உங்க வீட்டோட பிரச்சனை எங்க இருக்குன்னு புரிஞ்சுடும். 32 டிகிரிக்கு மேல வருஷத்துல எத்தனை மணி நேரம் போகுதுன்னு எண்ணி எழுதி வச்சுக்கங்க, இனிமே எந்த மாத்தம் பண்ணாலும் இந்த நம்பரோடதான் ஒப்பிடப் போறோம்.

இந்த இடத்துல ரிசல்ட் புத்திக்கு ஒத்துவருதான்னு பாக்கணும். மாடி ரூம் கீழ் ரூமை விட குளிர்ச்சியா காட்டுதா, மேற்குச் சுவர் காலைல சூடாகுதா, அப்ப எங்கயோ வடக்கு மாறிப் போச்சு இல்லன்னா தளத்தை தப்பா ஒட்டியிருக்கீங்க. அப்பறம் ஏசியோட ஓட்டி உங்க இப்போதைய பில்லோட பக்கத்துல வச்சுப் பாருங்க. ஓபன்ஸ்டுடியோல ஐடியல் லோடுன்னு ஓட்டினா வர்றது குளிர்ச்சியோட அளவு, கரண்ட் இல்ல, அதை ஏசி ஸ்டிக்கர்ல போட்டிருக்கற ஐசீர் நம்பரால (ஒரு யூனிட் கரண்டுக்கு ஏசி எவ்வளவு குளிர்ச்சி தரும்ங்கற அளவு) வகுத்தாதான் யூனிட். 400 வந்து ஐசீர் 4ன்னா 100 யூனிட். இதை வகுக்காமலே பாத்துட்டு பயந்து போறவங்க நெறைய.

ஒண்ணொண்ணா மாத்திப் பாக்கறது

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம். தளத்துல ஷீட்டும் போட்டு, கண்ணாடியும் மாத்தி, சுவரும் மாத்தி ஓட்டினா எது வேலை செஞ்சுதுன்னு தெரியவே தெரியாது.

சென்னைக்கு என் வரிசை இது. மேல் மாடிக்கு தளம் முதல்ல, ஏன்னா நாள் பூரா வெயில் வாங்கறது அதுதான். அடுத்து மேற்கு, கிழக்கு ஜன்னல். இங்க எல்லாரும் 2 அடி சன்ஷேட் போட்டுட்டோம்னு நிம்மதியா இருக்காங்க. மே மாசம் சாயங்காலம் 4 மணிக்கு சூரியன் 33 டிகிரி உயரத்துலதான் நிக்கும், 2 அடி சன்ஷேட் ஜன்னலோட மேல ஒண்ணேகால், ஒண்ணரை அடிக்குள்ளதான் மறைக்கும், 5 மணி ஆனா முக்கால் அடி. 4 அடி ஜன்னல்ல மீதி எல்லாம் நேரா கட்டில் மேல வெயில்தான். மேற்குக்கு செங்குத்தா மறைப்பு வேணும், வெளிய மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ, நகர்த்தற மரச்சட்டமோ, ஓட்டை ஓட்டையா கட்டற ஜாலிச் சுவரோ. உள்ள போடற கர்ட்டன் வெயில் உள்ள வந்ததுக்கு அப்பறம்தான் தடுக்குது, சூடு ஏற்கனவே ரூமுக்குள்ள வந்தாச்சு. தெற்கு ஜன்னலுக்கு அந்த 2 அடி சன்ஷேடே அருமையா வேலை செய்யும். வடக்கு சேஃப்னு நெனைக்காதீங்க, சென்னை 13 டிகிரில இருக்கறதால ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம்தான் சாஞ்சிருக்கும், அதனால வடக்கு ஜன்னலுக்கும் சின்ன சன்ஷேடாவது போடுங்க.

மூணாவதா வெயில் படற சுவர் மட்டும் ஏஏசில, மத்தது செங்கல்லன்னு ஓட்டிப் பாருங்க, வீடு பூரா மாத்தணும்னு கட்டாயம் இல்ல. ஒண்ணு சொல்லணும், ராத்திரி மட்டும் ஏசி போடற ரூமுக்கும் பகல் பூரா ஜன்னல் திறந்து வாழற ஹாலுக்கும் ஒரே சுவர் பொருந்தணும்னு இல்ல. இந்த மாதிரி விஷயம் மேஸ்திரி அனுபவத்துலயும் தெரியாது, புத்தகத்துலயும் இருக்காது, உங்க பிளானை ஓட்டினாதான் தெரியும்.

எல்லாம் தனித்தனியா பாத்தப்பறம் நல்லா வந்ததை சேர்த்து ஒரு தடவை ஓட்டுங்க. தனித்தனியா வந்த லாபத்தை கூட்டினா வர்ற தொகை சேர்த்து ஓட்டும்போது வராது, வெள்ளை டைல்ஸ் ஏற்கனவே தடுத்த வெயிலை ஷீட் திரும்பத் தடுக்க முடியாது இல்லையா. அப்பறம் ஒவ்வொண்ணுக்கும் உங்க ஏரியா ரேட்டை கேட்டு, பக்கத்துல மிச்சமாகற யூனிட்டையும் குறையற சூடான மணி நேரத்தையும் எழுதுங்க. ஏசி சைஸ் குறையற காசையும் அந்தக் கணக்குல சேர்க்கணும், ஒண்ணரை டன் வேண்டிய ரூமுக்கு ஒரு டன் போதும்னா அந்த வித்தியாசமே ஷீட்டு செலவுல ஒரு பங்கை திருப்பிக் குடுத்துடும்.

சோலார் கடைசில. 2024ல இருந்து பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா வரைக்கும் மானியம் கிடைக்குது, நம்ம ஊர்ல ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட் கிட்ட தரும், அதனால எல்லாருக்கும் நேரா அதுக்கே போகத் தோணுது. ஆனா சோலார் போட்டாலும் ராத்திரி பெட்ரூம் வெக்கை குறையாது. முதல்ல வீட்டுத் தேவையை குறைங்க, அந்தக் குறைஞ்ச யூனிட்டுக்கு பேனல் எத்தனைன்னு கணக்கு போடுங்க. உயரமா சட்டம் அடிச்சு பேனல் வச்சா தளத்துக்கு நிழலும் கிடைக்கும், அதையும் மாடல்ல நிழலா வரைஞ்சு பாக்கலாம்.

ஆள் வச்சு பண்றதா இருந்தா

எல்லாருக்கும் உக்காந்து கத்துக்க நேரம் இருக்காது. கன்சல்டன்ட் கிட்ட குடுத்தா கலர் கலரா படம் போட்ட ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்துடாதீங்க. எந்த வெதர் ஃபைல், தளத்துக்கு என்ன யூ வேல்யூ வச்சீங்க, மண்ணு வெப்பம் என்ன, ஏசி ஷெட்யூல் என்ன, பக்கத்து வீட்டை வரைஞ்சீங்களான்னு கேளுங்க. இதுக்கெல்லாம் டக்குன்னு பதில் சொல்றவர் கிட்ட தாராளமா குடுக்கலாம். மாடல் ஃபைலையும் கேட்டு வாங்கிக்கங்க, மேல இன்னொரு மாடி எடுக்கும்போது தேவைப்படும்.

கட்டும்போது மாடல்ல இருக்கறதுதான் சைட்ல போகுதான்னு நின்னு பாக்கணும். ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி விட்டு மேல சுருக்கி கொட்டினா அந்த இடைவெளி பூரா சூடு இறங்கும், பாரப்பெட் ஓரத்துல ஷீட் வைக்காம விட்டுடறதும் சகஜம். குடி போனதுக்கு அப்பறம் வெப்பமும் ஈரப்பதமும் பதியற சின்ன மீட்டர் ஒண்ணு மாடி பெட்ரூம்லயும் ஒண்ணு கீழயும் மாட்டி, முதல் ஏப்ரல், மே ரெண்டு மாசத்து டேட்டாவை மாடல் கிராஃபுக்கு பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ரொம்ப விலகினா முதல்ல ஏசி ஷெட்யூலையும் பாத்ரூம் லூவரையும் செக் பண்ணுங்க, பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.